நான்காவது பிளக்

எங்கள் பக்கத்துக் கார்ப் பந்தயத்தில் ஒரு விதி உண்டு. ஓட்டி முடித்த வண்டியை யார் விலைக்குக் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டும். விலை எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். முதலாவதாக வந்த வண்டிக்கும் அதே விலை, வேலியில் முட்டிச் சப்பையாகிப் போன வண்டிக்கும் அதே விலை. கேட்பவரிடம் பந்தய உரிமச் சீட்டு இருந்தால் போதும். ஒருவருக்கு மேல் கேட்டால் குலுக்கல். 'தர மாட்டேன்' என்று சொன்னவர் அடுத்த ஒரு வருடம் பந்தயப் பக்கமே வரக் கூடாது.

காசுள்ளவன் வண்டியில் காசைக் கொட்டி ஜெயிக்கக் கூடாது என்பதற்காக யாரோ நல்ல மனசுக்காரர்கள் போட்ட விதி. அதனால் எங்கள் ஆட்கள் வண்டியை ஒரு கணக்கோடுதான் கட்டுவார்கள். ஜெயிக்கிற அளவுக்கு நன்றாக இருக்க வேண்டும், பிறர் ஆசைப்படாத அளவுக்கு மோசமாகவும் இருக்க வேண்டும். கதவைக் கோணலாகத் தட்டி வைப்பார்கள். வீட்டுச் சுவருக்கு அடித்து மிஞ்சிய சிவப்புச் சாயத்தை வண்டிக்கு அடிப்பார்கள். எஞ்சினை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்வார்கள், அதுவும் கொஞ்சம்தான்.

ரௌனி அந்தக் கொஞ்சத்தைத் தாண்டிவிட்டாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

ரௌனிக்கு அப்போது நாற்பத்தாறு வயது. இருபது வருடம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பஸ்ஸை ஓட்டியவள். பிள்ளைகள் குறைந்து போனதால் ஓர் இலையுதிர் காலத்தில் பள்ளியை மூடினார்கள், பஸ்ஸும் நின்றது. அந்த நவம்பரில் அவள் வண்டிக் கொட்டகைக்குள் போனாள். மே மாதம் வெளியே வந்தாள். இடையில் சாப்பிடவும் தூங்கவும் சனிக்கிழமை நீராவிக் குளியலறையில் உட்காரவும் வந்ததாக அவள் புருஷன் அஹ்தி சொல்வான். அஹ்தி மண் தோண்டும் இயந்திரம் ஓட்டுகிறவன். அதற்கு முன் அவர்கள் ஓட்டிய மூன்று வண்டிகளின் எஞ்சினையும் அவன்தான் கட்டினான். மூன்றையும் யார் யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். ரௌனி கையசைத்து வழியனுப்பினாள். ஒருவனுக்குக் காபி கூட வாங்கிக் கொடுத்தாள்.

நான்காவது வண்டி அப்படியில்லை. ஸ்வீடன் நாட்டுப் பழைய கார், தகரமெல்லாம் துரு. ஆனால் உள்ளே இருந்த நாலு சிலிண்டர் எஞ்சினை ஒவ்வொரு திருகாகக் கழற்றி, கழுவி, தேய்த்து, அளந்து, அவளே கட்டினாள். அவள் கட்டிய முதல் எஞ்சின். மூன்று முறை கட்டினாள் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு முறை முழுக்கக் கட்டிவிட்டுச் சத்தம் பிடிக்காமல் மறுபடி பிரித்தாள்.

ஆகஸ்டு மாதக் கடைசிச் சனிக்கிழமை ஹீதலம்பி மணல் குழியில் மாவட்டப் பந்தயம். நான் வழக்கம்போலக் காபிக் குடிலில் இருந்தேன். மாவு பிசைவதிலிருந்து கடுகு விழுது தீர்ந்த தட்டை நிரப்புவது வரை எல்லாம் நான்தான். குடிலுக்கு எதிரேதான் வண்டிகளைப் பந்தயம் முடிந்ததும் நிறுத்தி வைக்கும் கயிறு கட்டிய இடம். ஆகவே கண்ணால் பார்த்தது பாதி, ரௌனி பிறகு சொன்னது பாதி.

முதல் மூன்று ஓட்டத்தில் ரௌனி இரண்டில் முதலாவதாக வந்தாள். இறுதி ஓட்டத்தில் முதல் நால்வருக்குள் வந்தால் இரண்டு வாரத்தில் நடக்கிற தேசியப் பந்தயத்துக்குப் போகலாம். போவதற்கு வண்டி வேண்டுமே. இன்றைக்கு யாராவது வாங்கிவிட்டால் இரண்டு வாரத்தில் இன்னொன்று கட்ட முடியாது. இரண்டு வருடம் கொடுத்தாலும் இந்த எஞ்சின் மாதிரி இன்னொன்று வராது என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டாவது ஓட்டம் முடிந்தபோதே ஆட்கள் அவள் வண்டியைச் சுற்றி நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேறு எதையோ பார்க்கிற மாதிரி. அவர்களில் ஜல்மரியும் இருந்தான்.

ஜல்மரி வண்டி கட்டுவதில்லை, வாங்குவான். ஒவ்வொரு வருடமும் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, விலை கொடுத்து, ஒரு பருவம் ஓட்டுவான். கெட்டவன் கிடையாது. விதி அனுமதிப்பதைத்தான் செய்தான். பெரிய உடம்பு, மெல்லிய குரல், நூலில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிளக் ஸ்பேனர் இருக்கும்.

பிளக் ஸ்பேனர் எதற்கு என்று கேட்பீர்கள். பொறுங்கள், சொல்லிவிடுகிறேன்.

எஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து வருகிறது. பிஸ்டன் அதை அமுக்குகிறது. அமுக்கிய நேரத்தில் சரியாக ஒரு பொறி விழுந்தால்தான் அது வெடித்துப் பிஸ்டனைத் தள்ளும், வண்டி நகரும். அந்தப் பொறியைப் போடுவது பிளக். வெள்ளைப் பீங்கானுக்கு நடுவே ஒரு கம்பி ஓடுகிறது. அதன் நுனி எஞ்சினுக்குள் எட்டிப் பார்க்கிறது. எதிரே வளைந்த இன்னொரு கம்பி. இரண்டுக்கும் நடுவில் நகத்தின் தடிமன் அளவு இடைவெளி. பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் வந்து முட்டும்போது தாண்டுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை, தாண்டுகிறது. அதுதான் பொறி. நிமிடத்துக்கு ஆயிரம் தடவை, இரண்டாயிரம் தடவை.

நெருப்புக்குள்ளேயே இருப்பதால் பிளக்குக்கு எஞ்சினின் சங்கதி எல்லாம் தெரியும். கழற்றி நுனியைப் பார்த்தால் சொல்லிவிடும். வெந்த பன்னின் மேல்தோல் மாதிரிப் பழுப்பாக இருந்தால் எஞ்சின் சுகமாக இருக்கிறது. வெளுத்திருந்தால் சூடு அதிகம். காய்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம். ஈரக் கருப்பாகப் பளபளத்தால் எண்ணெய் உள்ளே ஏறுகிறது, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் போய்விட்டன, அந்த எஞ்சினுக்கு இனிப் பெரிய ஆயுசு இல்லை.

எங்கள் ஹீதலம்பியில் ஒரு வழக்கம் இருந்தது. இறுதி ஓட்டம் முடிந்து வண்டிகள் கயிற்றுக்குள் வந்துவிட்டால் சொந்தக்காரர் கை வைக்கக் கூடாது. வாங்க நினைக்கிறவர் பந்தயச் சங்கத்துச் செயலாளர் முன்னிலையில் ஒரே ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம். இரண்டாவதைப் பார்க்கச் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும். யாரும் சம்மதித்ததில்லை.

இறுதி ஓட்டத்துக்கு அரைமணி நேரம் இருக்கும்போது ரௌனி வண்டியின் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அஹ்தி இரண்டு சாசேஜை ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான்.

"ஜல்மரி மூணு தடவை வந்துட்டுப் போயிட்டான்," என்றான்.

"பாத்தேன்."

"பையில இருக்கற ஸ்பேனரைத் தடவித் தடவிப் பாத்துக்கறான். பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி."

"போன தடவை நீதானே சொன்ன, வேணுங்கறவன் எடுத்துட்டுப் போகட்டும்னு?"

"போன தடவை அது வண்டி. இது அப்படியா? நவம்பர்லேர்ந்து என்கிட்ட பேசாம இதுகிட்டதானே பேசிட்டு இருந்த."

ரௌனி சாசேஜைக் கடித்தாள்.

"ஒண்ணு பண்ணலாம்," என்றான் அஹ்தி, குரலைத் தாழ்த்தி. "நம்ம வேனோட பிளக் நாலையும் கழட்டி இதுல போட்டுடு. இதுல இருக்கறதை வேனுக்குப் போட்டுடறேன்."

அவர்கள் பந்தய வண்டியை டிரெய்லரில் ஏற்றி இழுத்துக்கொண்டு வந்தது ஒரு பழைய வேனில். அதே கம்பெனி, அதே எஞ்சின், அதே பிளக். விறகு இழுத்து இழுத்து ரிங் தேய்ந்து, பெட்ரோல் எவ்வளவோ அவ்வளவு எண்ணெயும் குடிக்கிற வேன்.

"அந்தக் கழுதையோட பிளக்கா? என் எஞ்சினுக்கு மூச்சு முட்டும்."

"முட்டட்டும். ஆறு சுத்துதானே? நாலாவதா வந்தாப் போதும். அப்புறம் ஜல்மரி கழட்டிப் பாப்பான், எதைக் கழட்டினாலும் தார் மாதிரி இருக்கும். மூஞ்சியச் சுளிச்சுட்டு அடுத்த வண்டிக்குப் போயிடுவான்."

"கருப்படிச்ச பிளக் மிஸ் ஆகுமே."

"அதனாலதான் மெதுவா ஓட்டுங்கறேன். மெதுவா ஓட்டத் தெரியும்ல உனக்கு? இருபது வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைங்களை ஏத்திட்டுப் போனவ."

ரௌனி சொன்னதும் சரிதான். கரிக்குள் மின்சாரம் ஓடும். பீங்கான் மேல் கரி படிந்துவிட்டால் மின்சாரத்துக்குச் சுலபமான பாதை கிடைத்துவிடுகிறது. இடைவெளியைத் தாண்டிக் கஷ்டப்படுவானேன் என்று கரி வழியாகவே நழுவி இறங்கிவிடும். பொறி விழாது. அதனால் அவள் நாலு பிளக்கையும் துணியால் ஒற்றி, கம்பி நுனிகளை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைச் சற்று நெருக்கினாள். பீங்கான் மேலிருந்த கருப்பை அப்படியே விட்டாள். மாட்டி, கிளப்பிப் பார்த்தாள். எஞ்சின் தொண்டையில் ஏதோ சிக்கிய மாதிரி இருமி இருமி ஓடியது.

"அசிங்கமா இருக்கு," என்றாள்.

"அதான் வேணும்," என்றான் அஹ்தி.

இருவரும் ஒன்றை மறந்துவிட்டார்கள். தெரியாத விஷயம் இல்லை, மறந்துவிட்டார்கள். பிளக்கின் நுனி ஓர் அளவுக்குக் கீழே சூடாக இருந்தால்தான் கரி சேரும். அந்த அளவைத் தாண்டிச் சூடேறினால் சேர்ந்த கரி தானாகவே எரிந்து போய்விடும். மெதுவாகப் போகிற வண்டியில் பிளக் கருக்கும், விரட்டி ஓட்டுகிற வண்டியில் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். பிளக்கை அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

கொடி இறங்கியது. ஆறு வண்டிகள் கிளம்பின. ரௌனியின் வண்டி இருமிக்கொண்டே கடைசியாகக் கிளம்பி, முதல் வளைவில் ஒருவன் மணலில் சிக்கி நின்றதால் ஐந்தாவதானது. இரண்டு சுற்று அப்படியே போனாள். முன்கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் கம்பி வலைதான் என்பதால் முன்னால் போன வண்டி எறிந்த சரளையெல்லாம் அவள் தலைக்கவசத்தில் படபடவென்று விழுந்தது. காபிக் குடிலில் என் பக்கத்தில் நின்ற ஒருவர், "பஸ் ஸ்டாப் எதுவும் விட்டுடாம நிக்கறா பாரு," என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அஹ்தியும் சிரித்தான், அவனுக்குத்தான் எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்ததே.

ஆனால் ஐந்தாவது இடம் போதாது. நாலாவது வேண்டும். மூன்றாவது சுற்றில் ஒருவனைத் தாண்டுவதற்காக அவள் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தாள். எஞ்சின் இரண்டு தடவை இருமியது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தது. எனக்கு எஞ்சினைப் பற்றிப் பெரிதாகத் தெரியாது, எனக்கே அந்த மாற்றம் காதில் விழுந்தது. அஹ்தி சிரிப்பதை நிறுத்தினான்.

அவனைத் தாண்டினாள். நாலாவது இடம் வந்தது. அங்கேயே இருந்திருக்கலாம். ஏன் இருக்கவில்லை என்று பிறகு கேட்டேன். "கால் கேக்கல," என்றாள்.

நாலாவது சுற்றில் மூன்றாவது இடம். ஐந்தாவது சுற்றின் நேர்ப்பாதையில் இரண்டு பேரை ஒரே மூச்சில் தாண்டி முதலாவதாக வந்தாள். வந்த இடத்திலேயே நான்காவது சிலிண்டர் செத்தது. வேனில் பல வருடம் கிடந்த அந்த பிளக்கின் பீங்கானில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்திருக்கிறது. சூட்டில் அது வாயைத் திறந்தது. மின்சாரம் விரிசல் வழியாக ஓடிப்போய்விட்டது. மூன்று சிலிண்டரில் டப் டப்பென்று அடித்துக்கொண்டு மீதி தூரத்தை ஓட்டி மூன்றாவதாக வந்து சேர்ந்தாள். தேசியப் பந்தயத்துக்கு இடம் கிடைத்துவிட்டது.

வண்டிகள் கயிற்றுக்குள் வந்து வரிசையாக நின்றன. பானட்டுகள் திறந்தன. செயலாளர் ஐலி மடிப்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வண்டியை விலைக்குக் கேட்டு எழுதிக் கொடுக்கும் சீட்டுக் கட்டையும் கடிகாரத்தையும் மடியில் வைத்துக்கொண்டாள். ஐலிக்கு விதி என்றால் விதி. தன் அண்ணன் மகனையே ஒரு வருடம் வீட்டில் உட்கார வைத்தவள்.

"அரைமணி நேரம்," என்றாள். "எழுதறவங்க எழுதலாம். காபியோட வராதீங்க, சீட்டுல சிந்தாதீங்க."

ரௌனியின் வண்டியைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். இரண்டு பேர் கையில் பேனா இருந்தது. ரௌனி கயிற்றுக்கு வெளியே, தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள். எஞ்சின் பாட ஆரம்பித்தபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. மூன்று பிளக் இப்போது பன் மாதிரி இருக்கும். ஒன்றுதான் கருப்பு. ஜல்மரி எந்த ஒன்றைக் கழற்றப் போகிறான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஜல்மரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தான். எஞ்சினிலிருந்து புகை வெளியேறுகிற நாலு குழாய்களின் மேலும் வரிசையாக எச்சில் துப்பினான். மூன்றில் சுர்ரென்று பொங்கி மறைந்தது. நான்காவதில் சோம்பலாக வழிந்தது.

"நாலாவது ஆள் தூங்கறான்," என்றான். "அவனையே பாக்கறேன், ஐலி."

"எழுதிக்கிட்டேன். நாலு."

ஸ்பேனரைப் போட்டுத் திருகினான். பிளக் வெளியே வந்தது. தாரில் முக்கி எடுத்த மாதிரி, நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. மோந்து பார்த்தான். விரலால் தொட்டுப் பக்கத்தில் நின்றவனின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"எண்ணெய்," என்றான். "ரிங் வழியா மேல ஏறுது."

"இதை வாங்கறவன் ஒரு எண்ணெய்க் கடையையும் சேத்து வாங்கணும்," என்றான் பேனா வைத்திருந்தவன். பேனாவைப் பையில் செருகிக்கொண்டான்.

"இது மூணு கால்ல வந்ததே பெரிசு," என்றான் இன்னொருவன்.

"புகையைப் பாத்தியா பின்னால? கொசு ஒண்ணு இல்ல இப்ப இந்தக் குழியில."

சிரித்துக்கொண்டே நாலைந்து பேர் அடுத்த வண்டிக்கு நகர்ந்தார்கள். அஹ்தி என் குடிலுக்கு வந்து ஒரு பன் கேட்டான். அவன் முகம் ஒன்றும் காட்டாமல் இருக்க ரொம்பச் சிரமப்பட்டது. அவ்வளவுதான், வண்டி தப்பித்துவிட்டது.

ஜல்மரி பிளக்கைத் துணியில் துடைத்தபடி நிமிர்ந்தான். "அஹ்தி, இது உன் கையா? உன் எஞ்சின் இப்படி இருக்காதே."

"நான் கட்டினேன்," என்றாள் ரௌனி.

"நீயா? முதல் எஞ்சினா?"

"முதல்."

ஜல்மரியின் குரல் இன்னும் மெல்லியதானது. கயிற்றுக்கு அருகே வந்தான்.

"அட, விடும்மா. ரிங்கைத் தலைகீழா மாட்டியிருப்ப. மேல் பக்கம்னு பொடி எழுத்துல போட்டிருப்பான், யாருக்குத் தெரியுது அது? நானும் ஒரே ஒரு எஞ்சின் கட்டினேன், இதேதான் பண்ணினேன். அதோட விட்டுட்டேன். முதல் தடவைக்கு இது ரொம்ப நல்லா ஓடிச்சு. நெசமாச் சொல்றேன்."

சொல்லிவிட்டு அவள் தோளில் இரண்டு தட்டுத் தட்டினான். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒருவர் கூடக் கேலி செய்யவில்லை. எல்லோர் முகத்திலும் அன்புதான் இருந்தது.

"இன்னும் பதினோரு நிமிஷம்," என்றாள் ஐலி. "இந்த வண்டிக்கு யாரும் எழுதல."

ரௌனி தலைக்கவசத்தை ஒரு கக்கத்திலிருந்து இன்னொரு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். ஜல்மரி திரும்பி நாலடி நடந்துவிட்டான்.

"ரெண்டாவதைக் கழட்டு," என்றாள்.

ஜல்மரி திரும்பினான். "என்ன?"

"ரெண்டாவது பிளக். கழட்டிப் பாரு."

"விதிப்படி ஒண்ணுதான்," என்றாள் ஐலி.

"சொந்தக்காரி சம்மதிச்சா ரெண்டு. நான் சம்மதிக்கறேன். எழுதிக்கோ."

என் குடிலில் அஹ்தி பன்னை வாயில் வைத்தபடி நின்றான். கடிக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

ஜல்மரி குனிந்து இரண்டாவதைக் கழற்றினான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தான். பீங்கான் நுனி முழுக்க ஒரே சீரான பழுப்பு. ஒரு புள்ளிக் கருப்பு கிடையாது.

"ஒண்ணாவது?" என்றான்.

"கழட்டு. மூணாவதையும் கழட்டு."

மூன்றையும் உள்ளங்கையில் வரிசையாக வைத்துக்கொண்டான். அடுத்த வண்டிக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஜல்மரி ஒரு பிளக்கின் வெளிப்புறத்தை நகத்தால் சுரண்டினான். துரு உதிர்ந்தது.

"இது இந்த எஞ்சினோட பிளக் இல்ல."

"இல்ல. எங்க வேனோடது."

"ஏ ரௌனி!" என்று அஹ்தி கூப்பிட்டான். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"கருப்பு எல்லாம் வேன்லேர்ந்து வந்தது," என்றாள். "மூணுல எரிஞ்சு போச்சு, நான் விரட்டி ஓட்டிட்டேன். நாலாவதுல பீங்கான் விரிஞ்சிருக்கும் பாரு, பாதியிலயே பொறி நின்னு போச்சு, கருப்பு முழுக்க எரியல, எரியாத பெட்ரோல் அதைக் கரைச்சுச் சொட்டுது. என் எஞ்சின் ஒரு சொட்டு எண்ணெய் குடிக்காது. ரிங் எழுத்து மேல பாத்துதான் இருக்கு. நாலு பிஸ்டனுக்கும் பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்து மாட்டினேன்."

ஜல்மரி நான்காவது பிளக்கை எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடித்தான். விரிசல் இருந்தது. அதையும் மற்ற மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"சும்மா இருந்திருந்தா நான் போயிருப்பேனே."

"போயிருப்ப."

"அப்புறம் ஏன் சொல்ற?"

"நீ தப்பாச் சொன்ன. அதனால சொன்னேன்."

பேனாக்காரன், "இது ஏமாத்து வேலை இல்லையா, ஐலி?" என்றான். ஐலி விதிப் புத்தகத்தை எடுத்து எச்சில் தொட்டுப் புரட்டினாள். ரொம்ப நேரம் புரட்டினாள்.

"பழைய பிளக் போடக் கூடாதுன்னு எங்கயும் இல்ல," என்றாள். "தன் வண்டியைத் தானே கெடுத்துக்கக் கூடாதுன்னும் இல்ல. அப்படி இருந்தா இந்தக் குழியில ஒருத்தரும் மிஞ்ச மாட்டீங்க. இன்னும் ஆறு நிமிஷம்."

ஆறு நிமிடத்தில் ஐந்து சீட்டு எழுதப்பட்டது. ஜல்மரியுடையது நாலாவதாக வந்தது. கையெழுத்துப் போடும்போது அவன் ரௌனியைப் பார்க்கவில்லை.

ஐந்து சீட்டையும் மடித்து என் பிஸ்கட் டப்பாவில் போட்டார்கள். குலுக்கி எடுப்பது எப்போதும் நான்தான். எனக்கு உரிமச் சீட்டும் கிடையாது, யார் வண்டி மேலும் ஆசையும் கிடையாது. அன்றைக்கு மட்டும் கையை ஏப்ரனில் இரண்டு முறை துடைத்துக்கொண்டேன். ஒன்றை எடுத்து ஐலியிடம் கொடுத்தேன். அவள் பிரித்து, "ஜல்மரி," என்றாள்.

ரௌனி தலையை ஒரு தடவை ஆட்டினாள். சங்கத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். ஜல்மரி வந்து பக்கத்தில் நின்றான். இருவரும் திறந்த பானட்டுக்குள் பார்த்தார்கள்.

"எந்த பிளக் போடறது?" என்று கேட்டான்.

சொன்னாள். இடைவெளி எவ்வளவு என்று விரல் நகத்தைக் காட்டிச் சொன்னாள். கையால் திருகி உட்கார வைத்துவிட்டுப் பிறகு ஸ்பேனரால் கால் சுற்றுதான், அதற்கு மேல் இறுக்கினால் மரை போய்விடும் என்று சொன்னாள். குளிரில் கிளப்பினால் மூன்று நிமிடம் காத்திரு என்றாள். வால்வு எப்போது பார்க்க வேண்டும், எந்த எண்ணெய், எந்தத் திருகு சற்று முரண்டு பிடிக்கும் என்றெல்லாம் சொன்னாள். ஜல்மரி ஒரு காகிதம் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டான். கால்மணி நேரம் ஆயிற்று. சுற்றி நின்றவர்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பேனாக்காரனும் ஏதோ எழுதிக்கொண்டான்.

பிறகு ஜல்மரி தன்னிடம் இருந்த புதிய பிளக்குகளைப் போட்டுக் கிளப்பி, வண்டியைத் தன் டிரெய்லரில் ஏற்றினான். ஏற்றும்போது கிளட்சைப் பாதியில் வைத்து எஞ்சினை உறும விட்டான்.

"அப்படிப் பண்ணாதே!" என்று ரௌனி கத்தினாள்.

"சரி!" என்று அவன் கத்தினான்.

டிரெய்லர் பைன் மரங்களுக்குள் திரும்பி மறையும் வரை பார்த்துவிட்டு என் குடிலுக்கு வந்தாள். காபி ஊற்றிக் கொடுத்தேன். சர்க்கரைக் கட்டியைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு குடித்தாள். அஹ்தி எதிரே நின்றான். கோபமாக இருக்க நினைத்தான் போலும், வரவில்லை.

"தேசியப் பந்தயம் போச்சு," என்றான்.

"போச்சு."

"ஏழு மாசம் அந்தக் கொட்டகைக்குள்ள கிடந்த."

"ஆமா."

"ஒரு பதினோரு நிமிஷம் வாயை மூடிட்டு நிக்கறதுக்கு என்ன?"

ரௌனி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அவன் என் தோள்ல தட்டிக் கொடுத்தான், அஹ்தி."

அஹ்தி அவளைப் பார்த்தான். மிச்சமிருந்த பன்னை இரண்டாகப் பிய்த்துப் பெரிய துண்டை அவள் தட்டில் வைத்தான். பிறகு காலி டிரெய்லரின் சங்கிலியைக் கட்டப் போனான்.